மணி வைத்த டைமர்

யாராவது இறந்துபோனதாகத் தகவல் வந்தால் டீச்சர் இரண்டு கேள்வி கேட்பார். முதல் கேள்வி, "எப்ப அடக்கம்?" இரண்டாவது, "அவங்க வீட்டுல எந்த மிஷினு?" இரண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற இடைவெளிகூட இருக்காது.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்வீடு அவருடையது. நடுவில் ஒரு சுவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் கணவர் அதே பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தார். நான் தாலுகா ஆபீஸ் கிளார்க். என்னிடம் ஒரு ஸ்கூட்டரும், மாட்டேன் என்று சொல்லத் தெரியாத நாக்கும் இருந்தன. டீச்சருக்கு அவ்வளவு போதும். இறந்தவர் வீட்டுக்கு விசாரிக்கப் போவதை எங்கள் பக்கம் துட்டிக்குப் போவது என்போம். பழைய டீச்சர்மார், சார்மார் வீட்டுத் துட்டிக்கெல்லாம் அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனவன் நான்தான். அவர் மடியில் ஒரு கறுப்புக் கைப்பை இருக்கும். அதற்குள் வேதாகமம், கைக்குட்டை, ஒரு ஸ்க்ரூடிரைவர்.

தமிழ் டீச்சர் இறந்தபோதுதான் அந்த ஸ்க்ரூடிரைவரை முதலில் பார்த்தேன். மஸ்கட்டிலிருந்து மகள் வந்திருந்தாள். டீச்சரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படி அழுதாள். டீச்சரும் முதுகைத் தடவிக் கொடுத்து, நல்ல ஜெபம் ஒன்று செய்தார். குறை சொல்ல முடியாது, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆமென் சொல்லி முடித்த அதே குரலில், "அம்மா மிஷினை என்ன செய்யப் போறிய?" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அழுகை நின்றுவிட்டது. "எந்த மிஷின், ஆன்ட்டி?"

"துணி துவைக்க மிஷினு. பின்னால கிடக்குல்லா. அதுல டைமரு மட்டும் எனக்கு வேணும். மத்ததை ஆக்கர்காரனுக்குப் போடுங்க. அவன் நாளைக்கே வந்துருவான், அதான் இன்னைக்கே கேக்கேன்."

ஆக்கர்காரன் என்றால் பழைய இரும்பு எடுப்பவன். துட்டி வீட்டை மோப்பம் பிடிப்பதில் டீச்சருக்குப் போட்டி அவன் ஒருவன்தான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். சற்று நேரத்தில் டீச்சர் பின்வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது கைப்பை கொஞ்சம் புடைத்திருந்தது. வருகிற வழியெல்லாம் எனக்குக் காது சுட்டது.

"டீச்சர், நாலு நாள் கழிச்சுக் கேட்டா என்ன?" என்றேன்.

"கேட்டா என்ன, வாயா தேஞ்சு போவும்?" என்றார்.

அதுதான் அவர் எதற்கும் சொல்வது. கேட்க வேண்டியதை, கேட்கக் கூடாத நேரத்தில், குரலைத் தாழ்த்தாமல் கேட்டுவிடுவார். என் தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று பாக்குவெற்றிலை மாற்றுகிற நேரம் பார்த்து, "மாப்பிள்ளை கொறட்டை விடுவாரா?" என்று சம்பந்தியிடம் கேட்டார். விடுவார் என்று பதிலும் வந்தது. கோயில் என்று அவர்கள் சொல்லும் சர்ச்சில் பிரசங்கம் நீண்டுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை தூக்கி, "ஐயா, இன்னும் எத்தனை பாயிண்ட்டு இருக்கு?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். பாதிரியாரான சபை ஐயர் இரண்டு என்று சொல்லி ஒன்றோடு முடித்துக்கொண்டாராம்.

இனி மிஷின் விஷயம். சம்பள பாக்கி மொத்தமாக வந்த ஒரு வருஷம், அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போய், ஒரே மாடல் வாஷிங் மிஷினை வாங்கினார்கள். சேர்ந்து வாங்கினால் தள்ளுபடி என்று கடைக்காரர் சொன்னதும், கணக்கு டீச்சரான இவரே பேரம் பேசியிருக்கிறார். இரண்டு தொட்டி வைத்தது, வெள்ளை உடம்பு, நீல மூடி. அந்தக் கடை இப்போது பிரியாணிக் கடை. செய்த கம்பெனியோ வாஷிங் மிஷினையே விட்டுவிட்டு வேறு எதையோ செய்யப் போய்விட்டது. அதற்கு உதிரிச் சாமான் வேண்டுமென்றால் மிச்சமுள்ள மிஷின்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த மிஷின்கள் எல்லாம் எழுபது தாண்டியவர்களின் வீடுகளில் இருந்தன.

டீச்சர் வீட்டில் புது மிஷின் இல்லாமல் இல்லை. சென்னையில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது, பொத்தானை அமுக்கினால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் மிஷின், குளியலறையில் நின்றது. இதை வைத்துக்கொண்டு பழையதற்கு எதற்கு இப்படி அலைகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன். அவரிடம் பழகிய தோஷம்.

"துவைக்கதுக்குப் புதுசு. பெல் அடிக்கதுக்குப் பழசு," என்றார். பிறகு என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்.

ஹெட்மாஸ்டர் சாருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். எவ்வளவு போயிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய மிஷினுக்கு முன்னால் நாற்காலி போட்டு, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டி, முழங்கால் மேல் கை வைத்து, பரீட்சை ஹாலில் இருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். மிஷினின் மோட்டார் என்றைக்கோ போய்விட்டது. பிளக்கே மாட்டவில்லை. காலையில் எழுந்ததும் அழுக்குத் துணியை அவரே தொட்டியில் போட்டு, டைமரைக் கடைசி வரை திருப்பி விடுவார். அது சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி கரண்டு இல்லாமலே ஓடும். பதினைந்து நிமிஷம் டிக் டிக் என்று ஓடி, முடிவில் உள்ளே இருக்கும் குட்டி மணி 'ணங்' என்று ஒரு அடி அடிக்கும். அந்த மாடலின் விசேஷமே அந்த மணிதான். மணி கேட்டதும் சார் எழுந்திருப்பார். கை கழுவுவார். சாப்பிட வந்து உட்காருவார். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது டீச்சர் துணியை அள்ளிப் புது மிஷினில் போடுவார்.

மணி அடிக்காவிட்டால் எழுந்திருக்க மாட்டார். எழுந்திருக்காவிட்டால் சாப்பாடு கிடையாது, மாத்திரை கிடையாது. ஆயுசு பூராவும் பெல்லுக்கு எழுந்து பெல்லுக்கு உட்கார்ந்த மனிதர். மற்றதெல்லாம் போன பிறகும் அது மட்டும் மிஞ்சியிருந்தது.

"நீங்களே ஒரு மணியை வாங்கி அடிச்சிரலாம்லா?" என்றேன்.

"அடிச்சுப் பாத்தேன். யாரு அடிச்சதுன்னு திரும்பிப் பாக்காரு. டைம் ஆகாம அடிச்சா அவருக்குத் தெரிஞ்சிரும் தம்பி. ஒருநா என்னைக் கூப்பிட்டு, பெல் அடிக்க வாட்ச்மேன் எங்கன்னு விசாரிக்காரு."

இந்த மணிச் சத்தம் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நான் குளிக்கப் போவேன். இத்தனை நாளும் சாரோடு சேர்ந்து நானும் பெல்லுக்கு எழுந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

டைமர்கள் பழசு. ஸ்பிரிங் சீக்கிரம் தளர்ந்துவிடும். தமிழ் டீச்சர் வீட்டு டைமர் அடுத்த மழைக்காலம் வரை வந்தது. அது தளர ஆரம்பித்ததும் வண்ணார்பேட்டையில் மிஷின் ரிப்பேர் செய்யும் அண்ணாச்சியிடம் போனோம். அவர் எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று ஒரு புது டைமரைக் கொடுத்தார். பொருந்தத்தான் செய்தது. அதற்கு மட்டும் பிளக்கை மாட்ட வேண்டியிருந்தது. முடிவில் 'பீப் பீப்' என்றது. அன்றைக்கு சார் உச்சிவெயில் வரை நாற்காலியில் இருந்தார். பீப் சத்தம் வந்தபோது, யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கிறார்கள் என்று நினைத்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாராம். மறுபடியும் பழைய டைமரையே மாட்டினோம். புது டைமர் கைப்பைக்குள் போனது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சார் முன்னால் குனிந்து, "சார், நான் யாரு, சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்பார்கள். டீச்சருக்கு இது ஆகாது. "இன்ஸ்பெக்டரு மாதிரி கேள்வி கேக்காதிய. பேரைச் சொல்லிட்டு உக்காருங்க," என்பார். ஊரில் எல்லோரையும் எல்லாம் கேட்கிறவர் சாரிடம் மட்டும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"உங்களை அவருக்குத் தெரியுதா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டு, தெரியலைன்னு சொல்லிட்டாருன்னா?" என்றார். பிறகு முருங்கைக்காய் வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மிச்சமிருந்த மிஷின்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சிலது ஆக்கர்கடைக்குப் போய்விட்டது, ஒன்றை வெளியூர் மகன் எங்கோ தள்ளிவிட்டான். கடைசியில் முக்கூடலில் இருக்கும் டிரில் மாஸ்டர் வீட்டு மிஷின் ஒன்றுதான் பாக்கி. அவர் மனைவி போன பிறகு தனியாக இருந்தார்.

ஒருநாள் காலை டீச்சர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "தம்பி, லீவு போடுங்க. டிரில் மாஸ்டர் போயிட்டாரு."

செல்போனைக் காட்டினார். ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வாட்ஸப் குழு. மாஸ்டரின் படம், கழுத்தில் ரோஜா மாலை, பக்கத்தில் மெழுகுவத்தி. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். அந்தக் குழுவில் இறப்புச் செய்தி தவிர வேறு வந்து ரொம்ப நாளாகியிருந்தது. நானும் சந்தேகப்படவில்லை. பூக்கடையில் ஒரு நல்ல சம்பங்கி மாலையாக வாங்கிக்கொண்டு கிளம்பினோம். வழி நெடுக வயல் பச்சையாகக் கிடந்தது. டீச்சர் மாலையைக் காற்றுப் படாமல் பிடித்துக்கொண்டு, "அவரு மிஷினை நல்லா வச்சிருப்பாரு. மூடி போட்டு வைக்க ஆளு," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முக்கூடலில் வீட்டு வாசலில் ஆளே இல்லை. பந்தலும் இல்லை. கதவைத் தட்டினோம். ஆற்றில் குளித்துவிட்டு வந்த ஈரத் தலையோடு டிரில் மாஸ்டரே வந்து திறந்தார். முந்தின நாள் அவருக்குப் பிறந்தநாள். குழுவில் வந்திருந்தது வாழ்த்து.

வேறு யாராக இருந்தாலும் அப்படியே திரும்பி ஆற்றுப் பக்கம் நடந்திருப்பார்கள். டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கியளா?"

"இருக்கேன் டீச்சர்." அவர் பார்வை மாலைக்கு வந்தது. "இது எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

மாஸ்டர் மாலையை வாங்கி மோந்து பார்த்தார். நல்ல பூ என்றார். கழுத்திலும் போட்டுக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "என்ன வே, நீரும் துட்டிக்குத்தான் வந்தீரா?" என்றார். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? மாலையும் கழுத்துமாக அவரே எங்களுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, "மிஷினு ஓடுதா?" என்றார்.

"ஜம்முன்னு ஓடுது."

"மணி அடிக்கா?"

"அடிக்கி."

"உங்களுக்குப் பொறவு அந்த டைமரை எனக்குத் தருவியளா?"

"எனக்குப் பொறவு மிஷினையே எடுத்துக்கோங்க."

"டாக்டரு என்ன சொல்லுதாரு?"

"நூறு வயசு கேரண்டின்னு சொல்லுதாரு."

டீச்சர் தலையாட்டினார். முகம் கொஞ்சம் விழுந்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் கிளம்பும் முன் எழுந்து நின்று மாஸ்டருக்காக ஜெபித்தார். நீடித்த ஆயுசும் நல்ல சுகமும் கேட்டார். வண்டியில் வரும்போது, "மனசாரத்தான் ஜெபிச்சியளா டீச்சர்?" என்று சீண்டினேன். "மனசாரத்தான். அதான் கவலையா இருக்கு," என்றார்.

அடுத்த கோடையில் டைமர் நின்றுபோய், எங்கள் வீட்டுக்கு மணிச் சத்தம் வராமல் போனது. நான் குளிக்கப் பிந்தி ஆபீசுக்குப் பிந்திப் போனேன். இரண்டாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சார் நாற்காலியில் இருந்தார். டீச்சர் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "இன்னும் பெல் அடிக்கலியே," என்று சார் பொறுமையாகச் சொன்னார். சாயங்காலம் அசந்து தூங்குகிற நேரம் பார்த்து வாயில் கஞ்சி ஊற்றியதாக டீச்சர் பிறகு சொன்னார். பாதிக்கு மேல் கடைவாய் வழியே வழிந்துவிட்டதாம். அந்த வாரத்தில் சாரின் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. டீச்சரைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுபடி முக்கூடல் போனோம். மாஸ்டர் காப்பி கொடுத்தார். டீச்சர் குடித்தார். மழை பெய்யுமா என்று பேசினார். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பேசினார். டம்ளரைக் கழுவியும் வைத்தார். கேட்கவே இல்லை. கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தார். உயிரோடு இருக்கிற மனுஷனிடம், அவர் ஓட்டிக்கொண்டிருக்கிற மிஷினைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவருக்கும் கூச்சம் என்று ஒன்று உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் மாஸ்டரே, "என்ன டீச்சர், இன்னைக்கு ஒண்ணும் கேக்கலியா?" என்றார்.

"சாரு சாப்பிட மாட்டேங்காரு," என்றார் டீச்சர்.

மாஸ்டர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, "பிளக்கைப் பிடுங்கிட்டேன். ஸ்க்ரூடிரைவர் இருக்குல்லா?" என்றார்.

டீச்சர் டைமரைக் கழற்றிக்கொண்டு, கைப்பையில் கிடந்த பீப் டைமரை அவர் மிஷினில் மாட்டிவிட்டார். ஒயரை மாட்டிக் கொடுக்க அங்கேயே ஒரு எலக்ட்ரீஷியனையும் பிடித்தோம். மிஷின் ஓடி முடித்து 'பீப் பீப்' என்றது. மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். "ஆயுசெல்லாம் விசில் ஊதுனவனுக்கு இது ஒரு சத்தமா? சரி, கிடக்கட்டும்."

மறுநாள் காலை சுவரைத் தாண்டி 'ணங்' என்று கேட்டது. பழைய மணியைவிடக் கொஞ்சம் கனத்த சத்தம். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் அப்படியே நின்றேன். அந்தப் பக்கம் நாற்காலி நகருகிற சத்தமும் கேட்டது.

அந்த டைமர் தளரவே இல்லை. சார்தான் முந்திக்கொண்டார். ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

டீச்சர் வீடு இப்போது துட்டி வீடு. சென்னையிலிருந்து மகன் வந்தான். மிஞ்சியிருந்த பழைய டீச்சர்மார், சார்மார் எல்லாம் வந்தார்கள். டிரில் மாஸ்டர் முக்கூடலிலிருந்து சம்பங்கி மாலையோடு வந்தார். எல்லோரும் டீச்சரைக் கண்டு கொஞ்சம் பயந்தபடிதான் உட்கார்ந்திருந்தோம். என்ன கேட்பாரோ, யாரைக் கேட்பாரோ என்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாரின் சட்டைக் காலரை நீவிக்கொண்டே இருந்தார்.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. சபை ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகனும் இன்னும் நாலைந்து பேரும் பெட்டியைத் தூக்க வந்து நின்றார்கள். டீச்சர் எழுந்தார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. இன்னும் பெல் அடிக்கல."

ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. "கோயில் மணி அப்பவே அடிச்சாச்சேம்மா," என்றார் பைய.

"அது ஊருக்கு அடிச்சது. இவருக்கு இன்னும் அடிக்கல."

மகன், "அம்மா," என்று கையைப் பிடிக்கப் போனான். டீச்சர் அதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டார். டைமரைத் திருப்புகிற சத்தம் கேட்டது. கடைசி வரை திருப்பினார். திரும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

ஐயர் எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். டிரில் மாஸ்டர்தான் எழுந்து, பழைய மைதானத்துக் குரலில், "எல்லாரும் உக்காருங்க," என்றார். தூக்க வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். ஐயரும் உட்கார்ந்தார்.

டிக் டிக் என்று அது பின்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. இருமல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொண்டார்கள். எனக்கு அது ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றிருந்தது. டீச்சர் சாரின் காதுப் பக்கம் குனிந்து என்னவோ கேட்டார். என்ன கேட்டார் என்று யார் காதிலும் விழவில்லை. பதிலுக்குக் காத்திருப்பவர் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ணங்' என்றது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து வழி விட்டார். "இப்ப தூக்குங்க," என்றார்.